பத்தடி அறையில் நூற்று முப்பத்தேழு பேர்

எங்கள் தீவுப் பகுதியில் ஒரு வகை மனிதர் இருக்கிறார். அவரைக் காண நீங்கள் எங்கும் அலையவேண்டியதில்லை. ஊரில் ஒரு காரியம் நடந்து முடிந்து, அது கடல் கடந்து பேர் எடுத்து, நாலு வெளிநாட்டுக்காரர் அதைப்பற்றி எழுதும்வரை பொறுத்திருந்தால் போதும், அவரே உங்களைத் தேடி வருவார். வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்ரீயை ஊதி ஒரு மிடறு குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்வார்:

"அண்டைக்கு நானும் அங்க நிண்டனான்."

இந்த இனத்துக்கு நான் 'நின்றவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தவரோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள். எல்லாம் தெரிந்தவர் பாவம், பத்திரிகையாவது வாசிக்கவேண்டும். நின்றவருக்கு அந்தச் சிரமம் இல்லை. அவருக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை, எதுவும் செய்திருக்கவேண்டியதில்லை. நின்றால் போதும். அதுவும் பிற்பாடு நின்றால் போதும்.

நடந்த காரியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம், கரம்பொன் என்ற ஊரில் பூட்டிக்கிடந்த ஒரு பெரிய வீட்டில், 'சோளகம்' என்ற இசைக்குழு தன் முதல் அல்பத்தைப் பதிவு செய்தது. சோளகம் என்பது வைகாசியில் எங்கள் தீவுகளைப் பிடித்துப் புரட்டாதிவரை உலுப்புகிற காற்று. குழுவும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்தது. அவர்கள் வாசித்ததை த்ராஷ் மெற்றல் என்பார்கள். கேட்டறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மின்கிற்றார் தகரத்தை அறுப்பதுபோல ஓடும், ட்றம் அதைத் துரத்தும், பாடுகிறவர் பாடமாட்டார், தொண்டையின் அடியிலிருந்து உறுமுவார். கிற்றார் வாகீசன், பேஸ் கிற்றார் நிமலன், ட்றம் ஜெனோசன். முதல் இருவரும் ஒரு காலத்தில் தென்பகுதியில் கடை வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஜெனோசன் கடற்தொழில் செய்பவர், ட்றம் பழகியது தேவாலயத்துப் பாண்டில். இந்த இசைக்கு ட்றம்முக்கு இரண்டு கால்மிதி வேண்டும். அவரிடம் ஒன்றுதான் இருந்தது. மற்றதைத் தாய் அல்போன்சம்மாவின் தையல் மெசின் மிதியைக் கழற்றிச் செய்தார். அல்போன்சம்மா மூன்று மாதம் மகனோடு கதைக்கவில்லை.

எட்டுப் பாட்டு, முப்பத்தொரு நிமிடம். அல்பத்தின் பெயர் 'இண்டைக்குப் பாதை ஓடாது'. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அது ஓடாத நாளில் கரையில் நிற்கும் ஒரு தீவுக்காரருக்கு என்ன ஆத்திரம் வருமோ, அது முழுவதும் அந்தத் தலைப்புப் பாட்டில் இருக்கிறது.

பதிவு நடந்த அறை பத்தடிக்குப் பத்தடி. நானே நாடா பிடித்து அளந்தேன். எதிரொலி வராமல் இருக்கச் சுவர்களில் பழைய மீன்வலைகளை நாலைந்து மடிப்பாகத் தொங்கவிட்டு, அதன்மேல் தென்னந்தும்பு மெத்தைகளைச் சாத்தியிருந்தார்கள். யன்னலையும் மெத்தை மூடியது. விசிறி இல்லை, ஏனென்றால் விசிறியின் சத்தம் பதிவில் விழும்.

இருநூறு சீடி பதிந்து எடுத்தார்கள். நாற்பத்தொன்று போனது. அதிலும் ஒன்பது, பழுதான சீடி என்று திரும்பி வந்தது. மிச்சம் சரவணைப் பக்கத்துத் தோட்டங்களில் குருவி வெருட்டத் தொங்கின. முதல் வருடம் அந்த அல்பத்தோடு அதிக நேரம் செலவிட்டவை குருவிகள்தான்.

இதைக் கவனியுங்கள். அந்த வருடம் அங்கே யாரும் நின்றிருக்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை. பதிவு நடந்ததற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சியம், மூன்று ஒழுங்கை தள்ளிக் குடியிருந்த மயில்வாகனம் ஐயா கிராம அலுவலருக்குக் கொடுத்த முறைப்பாடு: பூட்டிய வீட்டுக்குள் யாரோ உயிருள்ள ஆட்டை உரிக்கிறார்கள்.

நாலு வருடம் கழித்து, போலந்துக்காரர் ஒருவர் எப்படியோ கைக்கு வந்த ஒரு சீடியை இணையத்தில் ஏற்றினார். மெக்சிக்கோவில் மொழி விளங்காமலே தலையை ஆட்டினார்கள். பிரெஞ்சு விமர்சகர் ஒருவர், 'நிலத்துக்குக் கீழேயிருந்து யாரோ மூடியை இடிப்பதுபோன்ற குரல்' என்று எழுதினார். பிறகு ஒருநாள், அல்பத்தின் அட்டைப்படம் அச்சிட்ட கறுத்த ரீசேர்ட்டோடு நெடிய வெள்ளைக்காரர் ஒருவர் ஊர்காவற்றுறை பஸ் தரிப்பிடத்தில் இறங்கி, வெயிலில் சிவந்துபோய் நின்று, அந்த அறை எங்கே என்று கேட்டார்.

அன்று பின்னேரம் முதலாவது நின்றவர் பிறந்தார். அவருடைய பெயர் சில்வெஸ்ரர்.

சில்வெஸ்ரர் அண்ணை மீனுக்கு ஐஸ் போடும் வாடி வைத்திருக்கிறார், திருநாள்களுக்கு ஜெனரேற்றர் வாடகைக்கு விடுகிறார். பதிவுக்கு அவருடைய ஜெனரேற்றர் போனது உண்மை. அவர் போகவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவர் மடு மாதா கோயில் திருவிழாவில் குடும்பத்தோடு கூடாரம் அடித்திருந்தார். திகதி விழுந்த படம் அவருடைய விறாந்தையிலேயே தொங்குகிறது. அந்தப் படத்துக்குக் கீழே இருந்துகொண்டுதான் அவர் எனக்குப் பதிவுநாளை விவரித்தார். ஒருவருடைய ஜெனரேற்றர் ஓரிடத்தில் நின்றால் அவரும் அங்கே நின்றதாகக் கொள்ளலாமா? படித்தவர்கள்தான் சொல்லவேண்டும். நான் படித்தவன், எனக்குத் தெரியவில்லை.

நின்றவரை அடையாளம் காண்பது எளிது. அவர் முதலில் காலநிலையிலிருந்து தொடங்குவார், ஏனென்றால் ஆவணியில் காற்றும் வெயிலும் இருந்தன என்பதை எவரும் மறுக்கமுடியாது. பிறகு குரலைத் தாழ்த்துவார். பிறகு ஒரு பொருளைக் கொண்டுவருவார். அந்தத் தையல் மெசின் தங்கள் வீட்டு மெசின் என்று கரம்பொனில் ஆறு வீட்டார் சொல்கிறார்கள், இரண்டு வீட்டில் மெசினையே காட்டினார்கள், மிதி கழற்றப்படாமல் இருந்தது. பிறகு ஒரு வீரச்செயல் வரும்: "சத்தம் கேட்டு நேவி வந்தவை. நான்தான் சிங்களத்தில கதைச்சு அனுப்பினனான்." இப்படிக் கதைத்து அனுப்பியவர்கள் பதினொரு பேர். அதில் எட்டுப்பேருக்குச் சிங்களம் தெரியாது.

கடைசியாக அனலைதீவுப் பெடியன் வருவான்.

அல்ப அட்டையில் கிற்றார், பேஸ், ட்றம் மூன்றுக்கும் நேரே பெயர் இருந்தது. குரல் என்பதற்கு நேரே ஒரு கோடு மட்டும். கோட்டை ஊர் சும்மா விடுமா? அது அனலைதீவுப் பெடியன் ஒருவன், படகில் வந்து பாடிவிட்டுப் போனவன், பிறகு வெளிநாடு போய்விட்டான் என்று எங்கிருந்தோ ஒரு கதை கிளம்பியது. குரல் அப்படி வரக் காரணம் கடல்தண்ணி குடித்தது என்றார் ஒருவர். பச்சைக் கணவாய்மீன் தின்றது என்றார் இன்னொருவர். அவனை இறங்குதுறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். இத்தனை மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கியவனுக்குப் பாட எங்கே நேரம் கிடைத்தது? அனலைதீவிலோ, அவன் தங்கள் வீட்டுப் பிள்ளை என்று மூன்று குடும்பங்கள் சொல்கின்றன.

உண்மையாகவே அங்கே இருந்தவரைக் கேட்டால் என்ன சொல்வார்? ஜெனோசன் அண்ணையிடம் போனேன். படகில் குந்தியிருந்து, வலையிலிருந்த நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னத்தைத் தம்பி சொல்லுறது," என்றார். "சரியான வெக்கை. கால் நொந்தது."

"வேற ஒண்டும் ஞாபகமில்லையோ?"

யோசித்தார். "அம்மா ஏசினவ."

இப்படியே போயிருந்தால் இந்தக் கதை தேநீர்க்கடையோடு நின்றிருக்கும். ஆனால் போன வருடம், நோர்வேயில் இருக்கும் நிமலன் அண்ணை அல்பத்தைக் கறுத்த இசைத்தட்டாக மறுபடி வெளியிட முடிவெடுத்தார். முந்நூறு பிரதி, உள்ளே ஒரு தாள். செய்தவரையில் சரி. பிறகு அவர், பத்து வருடத்துக்கு மேல் ஊரைவிட்டு இருந்த ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்தார். ஊர் வட்சப் குழுவில் எழுதினார்: 'அந்த நேரம் எங்களோட நிண்ட ஆக்களின்ர பெயரையும் தாளில போட விருப்பம்.'

எங்கள் ஊரில் கோயில் மணியிலிருந்து பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் குந்துகிற வாங்குவரை உபயம் எழுதாத பொருள் கிடையாது. ரியூப்லைற்றின் கண்ணாடியிலேயே இன்னார் குடும்பம், சுவிஸ் என்று எழுதிவிடுவார்கள், வெளிச்சத்தோடு அவர்களுடைய நிழலும் எங்கள்மேல் விழும். அப்படிப்பட்ட ஊரில் பெயர் போடுகிறோம் என்று சொல்லலாமா? ஒரு கிழமையில் நூற்று முப்பத்தேழு பெயர் வந்தது.

அவற்றைச் சேர்த்து எழுதும் வேலை எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பட்டம் புவியியலில். ஆனால் எங்கள் பக்கத்தில் பட்டதாரி என்றால் எழுதுகிறவர் என்று பொருள். முப்பத்தோராம் நாள் நினைவுமலரும் நான்தான், கிணறு இறைத்துத் தரும்படி பிரதேச செயலகத்துக்கு மனுவும் நான்தான். அகழ்வாராய்ச்சி நடந்த குழியைப்போல அந்த அறையை நான் அளந்தது அப்போதுதான். ஒருவர்மேல் ஒருவராக நிறுத்தினாலும் நூற்று முப்பத்தேழு பேர் கொள்ளாது.

பட்டியலை முடிவுசெய்யக் கரம்பொன் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வெள்ளி பின்னேரம் லக்சிகா அக்கா ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தார். வேலணையில் குடும்பநல உத்தியோகத்தர். எங்கள் பக்கத்தில் அண்மையில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு எடை பார்த்தவர்.

"தம்பி, அந்த லிஸ்ற்றை ஒருக்கா காட்டும்."

காட்டினேன். விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டாவது பெயரில் விரல் நின்றது. அது அவருடைய கணவர் ரஜீபன்.

"இவர் என்ன செய்தவராம்?"

"அனலைதீவுப் பெடியனை மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு வந்தவராம்."

"ஓம். என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இதைத்தான் சொன்னவர்." தாளை மடியில் வைத்தார். "அந்தப் பெடியன் நான்தான் தம்பி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு நானும் நிறுத்திவிட்டேன்.

"கோயில்ல தேவாரம் படிக்கேக்க வாகீசன் அண்ணை என்ர தொண்டையைக் கேட்டவர். ஒருக்கா உறுமிப் பாரும் எண்டார். உறுமினன். அப்ப எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தவை. என்ர பேர் போடவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான், அவை மூண்டு பேரும் சத்தியம் பண்ணித் தந்தவை. இண்டைவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல."

"இப்ப?"

"இப்ப என்ர மகள் அந்தப் பாட்டைப் போட்டுப்போட்டுத் தலையை ஆட்டுறாள். அனலைதீவு மாமா பாடுறார் எண்டு சொல்லுறாள். தகப்பன் சொல்லிக் குடுத்தது." அவர் தாளை என்னிடம் நீட்டினார். "நிமலன் அண்ணை இனி இசைத்தட்டு அடிக்கமாட்டாராம். இதிலயும் கோடு எண்டா, பிறகு எப்பவும் கோடுதான். என்ர பேர் வரவேணும் தம்பி."

"கூட்டத்தில நீங்களே சொல்லலாமேக்கா."

"அவருக்கு முன்னாலயோ?" வெளியே ஸ்கூட்டியைப் பார்த்தார். "நீர் எழுதி வாசியும். படிச்ச பிள்ளை வாசிச்சா ஆக்கள் மறுக்காயினம்."

எழுந்தவர் தாளை இன்னொரு முறை பார்த்தார். "இந்தக் கடைசிப் பேர், நூற்று முப்பத்தேழு, இது உம்மட பேரெல்லே?"

என்னுடையதுதான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பல்கலைக்கழகத்து முதலாம் வருடத்தில் விடுதியில் ஒருவன் இந்த அல்பத்தைப் போட்டான். இது எங்கள் பக்கத்தில் பதிந்தது என்றேன், அது உண்மை. அவன் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தான். இரண்டாம் வருடத்தில் எங்கள் வீட்டுக்கு அருகில் என்று ஆயிற்று. எங்கள் வீட்டிலிருந்து அந்த அறை நாலு மைல். மூன்றாம் வருடத்தில் சத்தம் கேட்டது. பட்டமளிப்பு விழாவன்று நான் யன்னலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். யன்னலை மெத்தை மூடியிருந்தது என்பது அளக்கப் போனபோதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை நிறைந்துவிட்டது. தலைமை மயில்வாகனம் ஐயா. ஆடு உரிக்கிறார்கள் என்று முறைப்பாடு கொடுத்த அதே ஐயாதான், இப்போது பட்டியலில் மூன்றாவது, 'ஆரம்பகால ஆதரவாளர்'. வாகீசன் அண்ணை கதவோரமாக இருந்தார். போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார், மனிதர்களோடு அதிகம் கதைப்பதில்லை. நிமலன் அண்ணை என் கைப்பேசியின் திரையில், கம்பளிச் சட்டையோடு தெரிந்தார். லக்சிகா அக்கா மூன்றாவது வரிசையில், பக்கத்தில் ரஜீபன் அண்ணை.

"தாளில பன்னிரண்டு வரிதான் கொள்ளும்," என்றார் நிமலன் அண்ணை.

உடனே ஊர்ப் பங்கு தொடங்கியது. கரம்பொனுக்கு எத்தனை, சரவணைக்கு எத்தனை, வேலணைக்கு எத்தனை. சரவணைக்காரர் ஒருவர், சீடிகளில் பெரும்பகுதி தங்கள் தோட்டங்களில்தான் தொங்கின என்பதை எடுத்துச் சொன்னார். அரை மணித்தியாலம் கழித்து, ஒரே வரியில் பல பெயராக எவ்வளவு நெருக்கினாலும் அஞ்சு பெயர் வெளியே நிற்கிறது என்ற இடத்துக்கு வந்தார்கள். அப்போது சில்வெஸ்ரர் அண்ணை எழும்பினார்.

"ஒரு வரி சும்மா கிடக்குத்தானே. குரல் எண்டு போட்டுக் கோடு. பேர் தெரியாத ஆளுக்கு என்னத்துக்கு ஒரு வரி? அந்தக் குரல் வரியைத் தூக்கினா அஞ்சு பேரும் வருவினம்."

"நல்ல யோசினை," என்றார் மயில்வாகனம் ஐயா. "சம்மதமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

என் கையில் தாள் இருந்தது. அதில் குரல் என்பதற்கு நேரே லக்சிகா என்று எழுதியும் இருந்தேன். வாசிக்கவேண்டிய நேரம் அதுதான். ரஜீபன் அண்ணை உற்சாகமாகக் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாசிக்கவில்லை. வாகீசன் அண்ணை லக்சிகா அக்காவைப் பார்த்தார், சத்தியம் கொடுத்தவர் வேறென்ன செய்வார்? எனக்கு அந்தச் சாட்டும் இல்லை.

கைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது லக்சிகா அக்காவே எழும்பினார்.

"அந்த வரியை எடுக்காதேங்கோ. அதில என்ர பேரைப் போடுங்கோ."

"உம்மட பேரையோ பிள்ளை?" என்றார் ஐயா. "நீர் என்ன செய்தனீர்?"

"பாடினனான்."

ரஜீபன் அண்ணையின் கை இன்னும் மேலேயே இருந்தது. அதை மெல்ல இறக்கி, மனைவியைப் பார்த்து, உண்மையாகவே குழம்பிப்போன குரலில் கேட்டார்:

"அப்ப நான் ஏத்திக்கொண்டு போனது ஆரை?"

"அதைத்தான் எட்டு வருசமா நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? யாரும் நம்பமாட்டார்கள், ஒரு பொம்பிளைப்பிள்ளை இப்படிப் பாடுமா என்று கேட்பார்கள், அவர் உறுமிக் காட்டவேண்டிவரும் என்றுதானே? நானும் அப்படித்தான் பயந்தேன். நாங்கள் இருவரும் நின்றவரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம்.

"அதுதானே," என்றார் சில்வெஸ்ரர் அண்ணை, நின்றபடியே. "எனக்கு அண்டைக்கே தெரியும். பிள்ளையின்ர வாழ்க்கை எண்டு நான் இவ்வளவு காலமும் வாயைத் திறக்கேல்ல."

"தொண்டை வரளாமல் கற்கண்டு குடுத்தது ஆர் எண்டு நினைக்கிறியள்?" என்றார் மயில்வாகனம் ஐயா.

"என்ர சித்தியிட்டத்தான் தேவாரம் பழகினது," என்றது பின்வரிசை.

"உறுமச் சொல்லிக் குடுத்ததே நான்," என்றது அதற்குப் பின்வரிசை. கதவடியில் வாகீசன் அண்ணை முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அரை நிமிடம் பிடிக்கவில்லை. அனலைதீவுப் பெடியன் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டான். அவனுக்குக் கணவாய் கொடுத்தவர்கள் லக்சிகா அக்காவுக்குக் கற்கண்டு கொடுத்தவர்களாகவும், அவனுக்கு உடுக்கச் சாரம் கொடுத்தவர்கள் இவருக்குக் குடை பிடித்தவர்களாகவும் மாறி, அவரவர் கதிரையில் அமைதியாக இருந்தார்கள். பெயர் போடுவதை எதிர்க்க ஒருவரும் இல்லை. கோட்டுக்குச் சாட்சி நிற்பதைவிடப் பெயருக்குச் சாட்சி நிற்பது எவ்வளவு மேல்.

லக்சிகா அக்கா எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். எடை குறைந்த பிள்ளையின் தாயைப் பார்க்கும் பார்வை.

"சரி. எல்லாரும் நிண்டனீங்கள். ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. நான் எங்க நிண்டு பாடினனான்?"

"நடுவில," என்றார் ஐயா.

"யன்னல் பக்கமா," என்றார் சில்வெஸ்ரர் அண்ணை.

"ஜெனோசனுக்குப் பின்னால." "கதவடியில." "கதிரைக்கு மேல ஏறி நிண்டவ, எனக்கு வடிவா ஞாபகமிருக்கு."

"நான் அந்த அறைக்குள்ள நிக்கவேயில்லை," என்றார் அவர். "ட்றம் சத்தம் என்ர மைக்குக்குள்ள வருது எண்டு என்னைப் பக்கத்து அறையில கிடந்த அலுமாரிக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தினவை. தட்டுகளைக் கழற்றிப்போட்டு. எட்டுப் பாட்டும் இருட்டுக்குள்ள, பூச்சி உருண்டை மணத்துக்குள்ள நிண்டுதான் பாடினனான். வெளியில ஒருக்காத்தான் வந்தனான். நேவிக்காரர் ஒருத்தர் தண்ணி கேட்டு வந்தவர், இவை மூண்டு பேரும் பயத்தில அசையேல்ல, நான் போய்க் கிணத்தில அள்ளிக் குடுத்தனான். குடிச்சுப்போட்டு, உப்பு எண்டு முகத்தைச் சுழிச்சுக்கொண்டு போயிட்டார்."

பிரெஞ்சுக்காரர் மூடியை இடிக்கும் குரல் என்று எழுதினாரே, அது அவ்வளவும் தேக்கங்கதவு.

இனியாவது வெட்கப்பட்டார்களா என்று கேட்பீர்கள்.

"அந்த அலுமாரியைத் தூக்கி நிமித்தி வைச்சது ஆர் பிள்ளை?" என்றார் சில்வெஸ்ரர் அண்ணை அன்போடு. "சரியான பாரம்."

கைப்பேசித் திரையிலிருந்து நிமலன் அண்ணையின் குரல் வந்தது. "நாலு வரி. நாலு பேர். வேற ஒண்டும் போடமாட்டன்." இணைப்பு அறுந்தது, அல்லது அவர் அறுத்தார்.

திரும்பி வரும்போது வாகீசன் அண்ணையிடம், நின்றவர்களைப்பற்றி ஒரு கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னேன். எப்படிப் பொய் சொல்கிறார்கள் என்று சிரித்தேன். அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எழுதும், வடிவா எழுதும். ஆனா எங்கட ஆக்கள் சண்டை நடந்த முப்பது வருசமும், எது நடந்தாலும், ஆர் வந்து கேட்டாலும், நான் அண்டைக்கு அங்க நிக்கேல்ல எண்டு சொல்லித்தான் தப்பினவை. நிண்டனான் எண்டு சொல்லக்கூடிய மாதிரி ஒண்டு இப்பதானே நடந்திருக்கு. அதுவும் எங்கட சத்தம். சொல்லிப்போட்டுப் போகட்டும்."

இது எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். புவியியலில் இதைப் படிப்பிக்கவில்லை என்று சொல்லித் தப்பலாம். படிப்பித்திருந்தாலும் சிரித்துத்தான் இருப்பேன்.

மாசியில் இசைத்தட்டு வந்தது. உள்தாளில் நாலு பெயர். நாலாவது: குரல் – லக்சிகா. வாசிகசாலைக்கு ஒரு பிரதி அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அந்தத் தாளின் ஓரங்களில் நீலப் பேனையாலும் சிவப்புப் பேனையாலும் முப்பது பெயருக்குமேல் ஏறிவிட்டது, சிலவற்றுக்குப் பக்கத்தில் நாட்டின் பெயரும் இருக்கிறது. ரஜீபன் அண்ணை தன் பிரதியைக் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். "இது என்ர மனுசி. நான்தான் மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய்ப் பாட விட்டனான்." பதிவு நடந்தபோது அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்டதே கிடையாது.

இதைக் கேட்டும் நீங்கள் எப்படிப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று லக்சிகா அக்காவைக் கேட்டேன். ஒரு பிள்ளையைத் தராசில் கிடத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டும் தம்பி. எட்டு வருசம் அனலைதீவுக்காரனை ஏத்தினவர். இப்ப என்னை ஏத்துறார்தானே." முள் நிற்கும்வரை பார்த்திருந்து எடையைக் குறித்தார். "மகள் பள்ளிக்கூடத்தில சொல்லியிருக்கிறாள், அம்மா அலுமாரிக்குள்ள நிண்டு கத்தினவ எண்டு. ரீச்சர் நம்பேல்லையாம். அதுக்குப் பிறகு ரீச்சர் சொன்னவவாம், தானும் கேள்விப்பட்டனான் எண்டு."

ஆக, நின்றவர் இனம் அழியவில்லை, பெருகிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதியவனும் அதில் ஒருவன் என்பதை ஒளிக்கவில்லை. என் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டேன், ஆனால் யன்னல் பக்கத்தில் நின்ற ஞாபகத்தை இன்னும் வெட்டமுடியவில்லை. மெத்தை இருந்தது தெரியும். தெரிந்தும், அந்த யன்னலால் உள்ளே பார்த்தது அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? நல்லது. ஒரேயொரு கேள்வி. வலை தொங்கிய சுவரையும், மெத்தைகளையும், தையல் மெசின் மிதியை உதைத்துக்கொண்டிருந்த காலையும் நான் சொல்லச்சொல்ல நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? எங்கே நின்று பார்த்தீர்கள்? ஏதாவதொரு மூலையில் நின்றுதான் பார்த்திருப்பீர்கள், நிற்காமல் பார்க்க யாராலும் முடியாது. இன்னும் இரண்டு வருடம் போகட்டும், இதை எங்கே வாசித்தோம் என்பது மறந்துபோகும், அந்த வெக்கை மட்டும் நினைவில் நிற்கும். அப்போது ஒருநாள் யாராவது இந்த அல்பத்தைப் போடுவார்கள், நீங்கள் தொண்டையைச் செருமுவீர்கள்.

செருமுங்கள். கதவடி நிறைந்துவிட்டது, யன்னலடியில் நான் நிற்கிறேன், மற்ற மூலைகளில் கொஞ்சம் நெருக்கிக்கொண்டால் இன்னும் பத்துப்பேர் நிற்கலாம். அலுமாரிக்குள் மட்டும் வராதீர்கள். அதற்குள் ஒருவருக்குத்தான் இடம்.